ஹீட் பம்புக்கு நடந்த வளைகாப்பு

அரைகுறையாகப் படித்தவனைக்கூட நம்பலாம். அரைகுறையாகப் படித்து பாஸும் ஆனவனை நம்பவே கூடாது. நான் இரண்டாவது ரகம். மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் தெர்மோடைனமிக்ஸ் பேப்பரை அரியருக்கு மேல் அரியர் வைத்துத் தேறி (பாதி புண்ணியம் பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு), எல்லோரையும் போல சாஃப்ட்வேருக்குத் தாவி, ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் வந்து விழுந்தவன். வெப்பம் எங்கிருந்து எங்கே போகும் என்று அந்தப் பேப்பர் எனக்குச் சொல்லத்தான் செய்தது. நான்தான் கேட்கவில்லை.

இரண்டாயிரங்களின் கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு பழைய வீடு வாங்கினோம். நிலவறையில் ஒரு கேஸ் பாய்லர் இருமிக்கொண்டே வீட்டைச் சூடாக்கியது. அதைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் போடலாம் என்று யாரோ சொன்னதுதான் தாமதம், எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. கேஸே வேண்டாம், கரண்டில் ஓடும், வெளிக்காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சி வீட்டுக்குள் அனுப்பும்! ஆபீஸ் கேன்டீனில் என்னைப் பார்த்தால் தட்டோடு எழுந்து ஓட ஆரம்பித்தார்கள்.

"ஓடுற பாய்லரை எதுக்கு மாப்ளே கழட்டுறீங்க?" என்றார் மதுரையிலிருந்து வந்திருந்த என் மாமனார். "வெளிய விறைக்குது. அந்தக் காத்துல ஏது சூடு?"

"அது சயின்ஸ் மாமா" என்றேன். வேறு பதில் தெரியாதபோது நான் சொல்வது அது.

அப்போது என் மனைவி மீனாவுக்கு ஏழாம் மாதம். அவள் அக்காவுக்கும் மதுரையில் அதே சமயம் பிரசவம் என்பதால் மாமியார் அங்கேயே இருக்க, மாமனார் மட்டும் வந்திருந்தார். மீனா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "அம்மாதான் பக்கத்துல இல்ல. வளைகாப்பாவது நம்ம வீட்டுல நல்லபடியா நடக்கணுங்க. உங்க மூளையை மட்டும் இதுல காட்டாதீங்க, ப்ளீஸ்!"

காட்டினேன்.

எங்கள் தெருவிலேயே இருந்த சிவமலர் அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். மீனாவுக்கு அம்மா இல்லாத குறையைத் தீர்க்க அவரே முன்னின்று ஊரையெல்லாம் கூப்பிட்டுவிட்டார். எங்கள் வரவேற்பறையில் அத்தனை பேர் உட்கார முடியாது. தோட்டத்தில் கூடாரம் போட்டுவிடலாம் என்றேன்.

"நவம்பர் குளிருக்க வெளியில இருக்க ஏலுமே தம்பி?" என்றார் அக்கா.

"அதுக்குத்தான் அக்கா ஹீட் பம்ப்!"

என் கணக்கு இதுதான். சென்னையில் ஏசி பெட்டிகளைக் கடந்து நடந்தவர்களுக்குத் தெரியும், முகத்தில் அனல் அடிக்கும். ஹீட் பம்பின் வெளிப்பெட்டியும் அச்சு அசல் அப்படியே இருந்தது. அதே வெள்ளைப் பெட்டி, அதே விசிறி. ஏசியே அனலைக் கக்குகிறது என்றால், பெயரிலேயே 'ஹீட்' இருப்பது எவ்வளவு கக்கும்! வழக்கப்படி வேலிப்பக்கம் திருப்பி, அதை வேலிச்செடிக்கா கொடுப்பது? விசிறி கூடாரத்தைப் பார்த்து இருக்கட்டும் என்று பொருத்த வந்த ஜெர்மன்காரரிடம் சொன்னேன். அவர் கூடாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நிச்சயமாகவா?" என்றார். மெஷினைக் கண்டுபிடித்தவன் தோரணையில் தலையாட்டினேன். (ஏன் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் நான் நானாக இருக்க மாட்டேனே!)

சனிக்கிழமை நான் வளையலும் வாழையிலையும் வாங்கப் போயிருந்தபோது அவர் மெஷினை ஓடவிட்டுப் போய்விட்டார். திரும்பி வந்ததும் முதல் வேலையாக உள்ளே போய் அதை அணைத்தேன். புது மெஷினை நல்ல நேரம் பார்க்காமல் ஓட்டுவதா? அன்றிரவு பாய்லரும் இல்லை, பம்பும் இல்லை. வீட்டிலிருந்த அத்தனை ரஜாயையும் போர்த்திக்கொண்டு படுத்தோம்.

ஞாயிறு காலை கூடாரம் நிரம்பி வழிந்தது. பட்டுப்புடவைகள், அதற்கு மேல் ஸ்வெட்டர்கள். மீனாவுக்கு மாலை போட்டு, விசிறிக்கு நேரெதிரே, 'சூடு நன்றாகப் படும்' இடத்தில் உட்கார வைத்திருந்தேன். பெட்டிக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்தேன். "எல்லாரும் ஸ்வெட்டரைக் கழட்டிடுங்க, வேர்க்கப் போகுது!" என்று அறிவித்துவிட்டு உள்ளே ஓடி சுவிட்சைப் போட்டேன். ஐயோ, எனக்கு அப்போது இருந்த சந்தோஷம்!

ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த வீடு அல்லவா, பம்ப் முழு வேகத்தில் கிளம்பியது. நான் தோட்டத்துக்கு வருவதற்குள் ஆரத்தி அணைந்து, குங்குமம் மாமனாரின் வெள்ளைச் சட்டையில் குடியேறியிருந்தது. கூடாரத்துக்குள் அடித்தது காற்றல்ல, ஐஸ். பாட்டுப் பாடிக்கொண்டிருந்த பெண்களுக்குப் பல் தாளம் போட்டது.

"இன்னும் கொஞ்ச நேரத்துல சூடாயிடும்!" என்று கத்தினேன்.

"தம்பி, உந்த மெஷின் குளிரையெல்லோ ஊதுது!" என்றார் சிவமலர் அக்கா, தன் சால்வையை மீனாவுக்குச் சுற்றியபடி. மீனா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அந்தக் காற்றே தேவலை. அவள் கேட்ட ஒரே ஒரு காரியத்தையும் கெடுத்துவிட்டேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அணைக்க ஓடினேன்.

மாமனார் குறுக்கே கையை நீட்டித் தடுத்தார். விசிறிக்கு முன்னால் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "மாப்ளே, நம்ம வீட்டு ஃப்ரிட்ஜு உள்ள குளுந்தா பின்னாடி சுடும்ல? இது வெளிய இந்தக் குளிரு குளுருதுன்னா…" என்று இழுத்தவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் பாய்ந்தார். சுவரோர ரேடியேட்டர் குழாய்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஜன்னலிலிருந்து தலை நீட்டினார். "ஏய், எல்லாரும் உள்ள வாங்கப்பா! சூடு பூராம் இங்கதான் இருக்கு!"

"எழும்புங்கோ, எழும்புங்கோ! பிள்ளைத்தாச்சியை முதல்ல கூட்டிக்கொண்டு போங்கோ!" என்று அக்கா கூட்டத்தை நகர்த்தினார்.

கொள்ளாது என்று நான் சொன்ன வீடு எல்லோரையும் கொண்டது. மாடிப்படியில் ஆளுக்கொரு படி, மிச்சப்பேர் நிலவறையில், பாய்லர் நின்ற இடத்தில்கூட பாய் விரித்து. மீனா ரேடியேட்டருக்குப் பக்கத்தில் கதகதவென்று உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். படியிலிருந்தவர்கள் வரிசையாக இறங்கி வந்து வளையல் போட்டார்கள். நடுவில் என்னைப் பார்த்தவள், வளையல் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். உயிர் வந்தது எனக்கு.

பம்ப் இன்றும் நன்றாகவே ஓடுகிறது, வேலிச்செடியைப் பார்த்து. மகள் அந்த ரேடியேட்டர் பக்கத்தில் வளர்ந்து என்னைவிட உயரமாகிவிட்டாள். ஆனால் மதுரையில் என் பெயர் மாறியது மாறியதுதான். போன சித்திரையில் ஒரு கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்து ஏசி நின்று, கூட்டமே விசிறிக்குத் தவித்தது. முதல் வரிசையிலிருந்து மாமனாரின் குரல் மட்டும் கணீரென்று கேட்டது.

"யாரும் கவலைப்படாதீங்கப்பா! ஜெர்மனிக்கே நவம்பர் மாசத்துல ஏசி போட்ட எங்க மாப்ள வந்திருக்காரு!"