ஒரு ஜிபிக்குள் உன் அப்பா

கள்ளக்குறிச்சி,
ஞாயிற்றுக்கிழமை.

அழகும் அறிவும் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையும் ஒருங்கே வாய்த்த என் அக்காள் மகள், மணப்பெண் சுபஸ்ரீக்கு, பேனர் கடைத் தாய்மாமன் தீனதயாளன் எழுதுவது. நானும் கடையும் நலம். கம்ப்யூட்டர் மட்டும் படுத்த படுக்கையாகி எழுந்தது. இனி நான் சொல்லப்போவதை இந்த மாவட்டத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நீயாவது நம்பு.

உன் கல்யாண பேனரில் மணலூர்பேட்டை முதல் கல்வராயன் மலை வரை உள்ள சொந்தம் முழுக்க நிற்கிறது. உன் அப்பா தங்கதுரையின் முகத்தை மட்டும் யானை அளவுக்கு வைத்தேன். வைக்காமல்? போன காதுகுத்து பேனரில் தன் முகம் எலுமிச்சம்பழமாகிவிட்டது என்றுதானே என்னோடு பேச்சை விட்டார்? "அவன் பேனர் நிக்கிற பந்தல்ல நான் நிக்கமாட்டேன்" என்றும் சொல்லிவிட்டார். தாய்மாமன் பேனரில்லாமல் கல்யாணமா? அப்பா இல்லாமல்தான் கல்யாணமா? உன் அம்மா அழுது அனுப்பியதால், முகத்தின் அளவைச் சரிபார்க்கக் கடைக்கு வந்தவர், என்னைப் பார்க்காமல் ஃபேனைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

படத்தைச் சுருக்கி உளுந்தூர்பேட்டை அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். கட்டளை கொடுத்ததும் கம்ப்யூட்டர் தன் மெமரியை எல்லாம் விழுங்கிவிட்டு, பசி அடங்காமல் பக்கத்து டீக்கடை கால்குலேட்டரில் கை வைத்தது. சின்னசேலத்தில் ரயில் எந்த ஊருக்குப் போகிறோம் என்பதை மறந்து நின்றுவிட்டதாம்! உடனே உனக்குப் போன் போட்டேன்.

"மாமா, ஒரு ஜிபிக்கு மேல மெமரி எடுக்காதேன்னு அந்தக் கட்டளையிலயே லிமிட் போட்டுடுங்க. மீதிய டிஸ்க்ல வெச்சிக்கினு வேலை செய்யும். லேட்டாவும், ஆனா நிக்காது" என்றாய்.

போட்டேன், அடங்கியது. ஆனால் அந்த மெதுவை என்னவென்று சொல்வேன்! கடைக்குப் பின்னால் நட்ட மரவள்ளி விளைந்து, ஜவ்வரிசியாகி, பாயசத்தில் மிதந்தது. அப்போதுதான் உன் அப்பா ஃபேனிடம் கேட்டார்:

"இன்னா, முடிஞ்சிச்சா?"

"இல்லீங்க மாமா. உங்க மீசையில ஓடிக்கினு இருக்குது."

"மீசைக்கே இவ்ளோ நேரமா?"

"ஒரு ஜிபிக்குள்ள அடங்குற மீசையாங்க அது?"

சிரித்துவிட்டார். டீ வந்தது. பிறகு கரும்பு வெட்ட ஆள் கிடைக்காதது, உன் அம்மாவின் முழங்கால், நீ தூரம் போவது என்று சாயங்காலம் வரை பேச்சு. கிளம்பும்போது, "பந்தக்கால் நட வந்துடு மச்சான்" என்றார்.

அக்காளுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசி. உனக்குச் சகல சந்தோஷமும் எந்த லிமிட்டும் இல்லாமல் சேரட்டும்.

இப்படிக்கு,
தீனதயாளன்

பி.கு.: ரயில் நிற்கவில்லை. கால்குலேட்டர் நலம். மரவள்ளி நடவே இல்லை. உன் அப்பா முதல் தடவை "முடிஞ்சிச்சா" என்று கேட்டபோதே படம் சுருங்கி முடிந்திருந்தது. திரையை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லிவிடாதே. மச்சான் என்று கூப்பிட்டது மட்டும் நிஜம்.