வெளுத்துப்போன மீன் விஷயமாக

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள் என்ற தைரியத்தில் நேரே விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நானும் மீனும் நலம். அதாவது, நான் நலம்.

"ஒரு மீன்தானேப்பா, பாத்துக்கோங்க, லீவுல வந்து எடுத்துட்டுப் போறேன்" என்று நீ விட்டுப் போன தங்கமீன் வெள்ளையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் "மீன் எப்படிப்பா இருக்கு?" என்று நீ கேட்டதும், "ஜம்முனு இருக்கும்மா" என்று புளுகி வந்தேன். முப்பத்திரண்டு வருஷம் பெயின்ட் கடையில் நிறம் கலந்தவன் நான். பழைய சுவரில் பெயர்த்த ஒரு துண்டைக் காட்டினால் போதும், அதே நிறத்தை டப்பாவில் கொடுத்துவிடுவேன். அப்பேர்ப்பட்டவன் கண்ணெதிரே ஒரு மீன் வெளுக்கிறது. கடையிலிருந்து கொண்டுவந்த நிற அட்டையைத் தினமும் காலையில் தொட்டிக் கண்ணாடியில் வைத்து ஒப்பிட்டேன். நீ போன அன்று பதினேழாம் நம்பர் ஆரஞ்சு. இரண்டு மாதத்தில் ஒன்பது. போன மாதம் நாலு. அதை நாங்கள் ஆஸ்பத்திரிச் சுவருக்குத்தான் கொடுப்போம்.

தீனியில் கோளாறு என்று கேரட்டைத் துருவிப் போட்டேன். தண்ணீர் ஆரஞ்சானது, மீன் ஆகவில்லை. மீன் கடைக்குப் போய், "சாயம் போற மீனை வித்திருக்கீங்க" என்று சண்டை பிடித்தேன். கடைக்காரர் நிதானமாக, "சாயம் இல்ல சார். சிலது வயசானா வெளுக்கும். சிலது மிரண்டா வெளுக்கும். சிலது வெளிச்சம் இல்லாம கெடந்தா வெளுக்கும்" என்றார். என்னைத்தான் ஜாடை பேசுகிறாரோ என்று கோபம் வந்தது. "தொட்டி இருக்கற ரூம்ல லைட்டு போடுவீங்களா?" என்றார். "நான் ஒருத்தன்தானே, எதுக்கு?" என்றேன். "சரி, பகல்ல ஜன்னல்?" என்றார். உன் அம்மா போனதிலிருந்து ஹால் ஜன்னலைத் திறக்கவே இல்லை என்று ஒரு மீன் கடைக்காரரிடம் எப்படிச் சொல்வது? "கொசு வரும்" என்றேன்.

அன்றே திறந்தேன். தொட்டியை நேர் வெயிலில் வைத்ததில் தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாகி மீனே தெரியவில்லை. நிறம் பார்க்க வேண்டியிருக்காததால் அந்த நாலு நாளும் நிம்மதியாக இருந்தேன். பிறகு தண்ணீரை மாற்றி, கொஞ்சம் தள்ளி வைத்து, விளக்கையும் போட்டு, நானும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுகிறேன். மீனோடு பேசுகிறேன். அது வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, குறுக்கே பேசுவதில்லை. வேறு பேச ஆளில்லையம்மா, அதுதான் உண்மை. நிறம் திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகலாம் என்கிறார் கடைக்காரர். நீ என்னை மன்னிக்க வேண்டும். இதற்காக வேலையைக் கெடுத்துக்கொண்டு வர வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. இருவரும் ஒரு குறையுமில்லாமல் நெடுநாள் வாழ வேண்டும்.

உன்
அப்பா

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி ஆறு வாரமாகிறது, தபாலில் சேர்க்கவில்லை. இதற்குள் மீன் முழுக்க நிறம் திரும்பிவிட்டது, அட்டையில் பதினெட்டு. கடிதத்தைக் கிழித்துப் போட இருந்தேன். போன ஞாயிறு நீ கேட்டபோது முதல் தடவையாக உண்மையாகவே "நல்லா இருக்கும்மா" என்றேன். "அப்பாடா! அப்ப இந்த லீவுக்கு வரலைன்னாலும் பரவாயில்லை, இல்லப்பா? வச்சிடறேன்" என்றாய். ஆகவே கடிதத்தை அனுப்புகிறேன். மீன் ரொம்ப வெளுத்திருக்கிறது. உடனே வந்து பார்.