பெருங்களத்தூரின் பச்சைச் சால்வை

பெருங்களத்தூரில் புதிதாகக் கடை திறக்கும் இளைஞர்கள் பயந்தது இரண்டே பேருக்குத்தான். ஒருவர் பிள்ளையார், இன்னொருவர் சால்வை சார். பிள்ளையாராவது ஒரு தேங்காயோடு விட்டுவிடுவார்.

சால்வை சாருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருக்கும். கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்குக்கூட அது தெரியாது. "சால்வ சார் வூடு எதுங்க?" என்றுதான் விசாரித்துக்கொண்டு வருவார். வேலை பார்த்த காலமெல்லாம் ஆபீஸில் பிரிவு உபசார விழா நடத்துவது அவர் பொறுப்பு. மைக், மாலை, மிக்சர், சால்வை எல்லாவற்றையும் அவரே வாங்குவார். ஆகவே அவரே ஓய்வு பெற்ற அன்று சால்வை வாங்க ஆள் இல்லை. தானே கடைக்குப் போய், ஜரிகை போட்ட கிளிப்பச்சைச் சால்வை ஒன்றைப் பேரம் பேசி வாங்கி வந்து, மேலதிகாரி கையில் திணித்து, "இப்ப போடுங்க சார்" என்று குனிந்து நின்றாராம்.

அதற்கப்புறம் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. இளம் தொழில்முனைவோரைக் கௌரவிப்பது என்று கிளம்பிவிட்டார். அமைப்பு, சங்கம், கமிட்டி எதுவும் கிடையாது. அவரும் அந்தச் சால்வையும்தான். கடைக்குள் நுழைவார், ஒரு பட்டம் சொல்வார், போர்த்துவார், போட்டோ எடுப்பார். எடுத்து முடித்ததும் "குடுப்பா" என்று சால்வையைத் திரும்ப வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். சுழற்கோப்பை கேள்விப்பட்டிருப்பீர்கள். இது சுழல்சால்வை.

சிக்கல் என்னவென்றால், அந்தச் சால்வை விழுந்த கடை எதுவும் நிலைத்ததில்லை.

பொத்தேரியில் ஒரு தம்பி, கல்லூரி மாணவர்களுக்குத் துணி துவைத்துக் கொடுக்கும் கடை போட்டான். அவனுக்கு 'வெளுப்புலக வேந்தன்' என்று பட்டம். மாணவர்கள் துணியைத் துவைப்பதே இல்லை என்ற உண்மையைக் கண்டுபிடித்துவிட்டு அவன் கடையை மூடினான். கோவிலம்பாக்கத்தில் ஒரு பெண் பால்கனிச் செடிகளை வாடகைக்கு விட்டாள். 'பசுமைப் பேரரசி'. போன செடிகள் எல்லாம் திரும்பி வந்தன, குச்சியாக.

அடுத்த பலி நான்.

ஆபீஸ் வேலையை உதறிவிட்டு நான் இட்லி மாவுக் கடை திறந்தேன். வேலையை உதறியவர்கள் எல்லாம் பெரிய ஆளாகிவிட்டதாக யாரோ சொன்னதை நம்பியதன் விளைவு. என் மாவுக்கு ஒரு தனிக்குணம் இருந்தது. காலையில் கட்டிய பாக்கெட் மதியத்துக்குள் பலாப்பழம் போல் ஊதிவிடும். ஒரு வீட்டில் ஃபிரிட்ஜுக்குள் வெடித்து, அந்த அம்மா கேஸ் லீக் என்று நினைத்து மெயினை அணைத்துவிட்டாள். அந்த வாரம் சால்வை சார் வந்தார். "மாவுலக மாமணி!" என்றார். போர்த்தினார். போட்டோவில் என் பின்னால் ஒரு பாக்கெட் வெடித்துக்கொண்டிருப்பது தெளிவாகத் தெரியும். அதோடு கதை முடிந்து, பழைய ஆபீஸிலேயே போய்க் கும்பிடு போட்டுச் சேர்ந்தேன்.

இப்படி ஊரில் பேச்சு பரவிவிட்டது. அவர் தெருமுனையில் திரும்பினாலே ஷட்டர்கள் கடகடவென்று இறங்கும். அவரோ, "பாரேன், இந்தக் காலத்துப் பசங்க கரெக்டா லஞ்ச் பிரேக் எடுத்துக்கிறாங்க" என்று மகிழ்ந்து போவார்.

அப்போதுதான் எங்கள் தெருவில் கோமதி மீன் கடை திறந்தாள். கோவளம் பக்கத்துக் குப்பத்துப் பெண். அப்பாவுக்குப் படகு, அம்மா கூடையில் மீன் விற்கிறவர். இவள் பி.காம் முடித்துவிட்டு, மீனை வெட்டிச் சுத்தம் செய்து, மசாலா தடவி, டப்பாவில் போட்டு விற்பது என்று இறங்கினாள். புரட்டாசியில் புதுக்கடை திறக்கக் கூடாது என்று வீட்டில் சொன்னதால் ஆவணிக் கடைசியில் நல்ல நாள் பார்த்துத் திறந்தாள். மறுவாரமே புரட்டாசி பிறந்தது. பெருங்களத்தூர் மொத்தமும் நாமம் போட்டுக்கொண்டு சைவத்துக்கு மாறியது.

"புரட்டாசி வரும்னு உனக்குத் தெரியாதாம்மா?" என்று கேட்டேன்.

"தெரியும்ணா. பாதிப் பேராவது கள்ளத்தனமா துன்னுவாங்கன்னு நென்சேன். உங்க ஊரு ஜனங்க இம்மாம் நேர்மையா இருப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் விஷயம் சிரிப்பாக இல்லை. அவள் அப்பா கெடு வைத்திருந்தார். தீபாவளிக்குள் கடை தன் காலில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கடையைக் காலி செய்துவிட்டு, அம்மாவோடு கூடை தூக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வஞ்சிரமும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நாளை ஓட்டினார்கள்.

ஒருநாள் நான் அங்கே நின்றபோது பக்கத்து ஜெராக்ஸ் கடை அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தார். "தம்பி, சால்வை சார் சாமியானா கடையில சேர் சொல்லியிருக்காராம். சனிக்கிழமை சாயந்திரம், கோமதி கடை வாசல்ல. மைக் வேற!"

கோமதி கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "அண்ணா, ஒனக்குப் புண்ணியமாப் போவும். அந்தப் பச்ச சால்வய மட்டும் இந்தாண்ட வுடாதே. ஏற்கெனவே பேஜாராக் கீது."

மாவுலக மாமணி என்ற தகுதியில் நான் தூது போனேன். சால்வை சார் நெற்றியில் நாமத்தோடு உட்கார்ந்து சால்வைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

எப்படி எப்படியோ சுற்றி வளைத்துப் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்குக் கூச்சம் என்றேன். மழை வரும் என்றேன். கடைசியில் உடைத்தே சொல்லிவிட்டேன். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சால்வை போட்டா கடை மூடிடுதுன்னு ஊரே சொல்லுது."

சார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கோபப்படுவார் என்று பார்த்தால் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மண்டு. நான் போட்டு மூடலைடா. மூடப் போற கடையாப் பாத்துத்தான் நான் போடறேன். ஓடற கடைக்கு சால்வை எதுக்கு? அங்க கூட்டமே சால்வை. எவனும் எட்டிப் பாக்காத கடையில உக்காந்திருக்கான் பாரு, அவனுக்கு ஒருத்தராவது கை தட்ட வேண்டாமா?"

என் வாயிலிருந்து தவறான கேள்விதான் வந்தது. "அப்ப, சார்... என் கடைக்கு?"

"உன் மாவுல வார்த்த தோசையை ஒரு விள்ளல் வாயில வச்சேன். உடனே பட்டத்தை யோசிக்க ஆரம்பிச்சுட்டேன்."

சனிக்கிழமையும் வந்தது. தொடர்விடுமுறை வேறு. தெற்கே போகிற சனம் முழுவதும் பையும் பெட்டியுமாகத் தெருமுனைப் பஸ் நிறுத்தத்தில் நின்றது. கோமதி கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதன் அடியில் அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன. முன்வரிசை நாற்காலிகளில் பழைய விருதாளர்கள் உட்கார்ந்திருந்தோம். வெளுப்புலக வேந்தன், பசுமைப் பேரரசி, நான். ஊரில் நொடித்துப்போன கடைகளின் மாநாடு போல் இருந்தது. கூட்டத்தைப் பார்த்ததும், பஸ்ஸும் வராத கடுப்பில், இன்னும் நிறைய பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

சார் மைக்கைப் பிடித்தார். இளைஞர், உழைப்பு, நாட்டின் எதிர்காலம் என்று வழக்கம்போல்தான் தொடங்கினார். பிறகு மீனுக்கு வந்தார். அங்கேதான் தடம் புரண்டது. அவரும் விரதம். வாரக்கணக்கில் அடக்கி வைத்த ஆசை மைக் வழியாக வெளியே வந்தது.

"இந்தப் பெண் விற்கும் வஞ்சிரம் எப்படிப்பட்டது தெரியுமா? கல்லில் போட்டால் 'சொய்ங்' என்று ஒரு சத்தம் வரும். ஓரம் முறுகும். அந்த முறுகின ஓரத்தை மட்டும் தனியாகப் பிய்த்து... சங்கராவை எடுத்துக்கொள்ளுங்கள். மாங்காய் போட்ட குழம்பு. அதை இன்றைக்குச் சாப்பிடக் கூடாது. மூடி வைத்துவிட்டு, மறுநாள் காலையில், சூடான இட்லி மேல்..."

இங்கே அவருக்கே வாயில் எச்சில் ஊறியது. "அடுத்து நெத்திலி..." என்று நிறுத்தித் தண்ணீர் குடித்தார். திருச்சி பஸ் வந்து நின்றது. யாரும் ஏறாததால் கண்டக்டரும் இறங்கி வந்து கேட்க ஆரம்பித்தார்.

பட்டை நாமம் போட்ட ஒரு பெரியவர் கோபமாக எழுந்தார். "சார்! புரட்டாசி சனிக்கிழமையில இதெல்லாம் பேசறது மகா பாவம்!" கொஞ்சம் நிறுத்தினார். "அந்த நெத்திலியைப் பத்தி ஏதோ சொல்ல வந்தீங்களே?"

சார் சொன்னார். நெத்திலி வறுவலில் கறிவேப்பிலை பொரிகிற கட்டத்தில் பெரியவர் ஷட்டரைத் தட்டியேவிட்டார். "அம்மா! ஐப்பசி பொறந்த அன்னிக்குக் காலைல, மொத ஆளா எனக்கு வேணும். இப்பவே அட்வான்ஸ் வாங்கிக்கோ!"

"எனக்கும்மா!" "வஞ்சிரம் எனக்கு எடுத்து வை!" "கண்டக்டருக்கு ஒரு கிலோ!"

ஷட்டர் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. முதலில் முழங்கால், பிறகு கை, கடைசியில் கோமதியின் முகம். அது சிரிக்கிறதா அழுகிறதா என்று சொல்ல முடியவில்லை. நேராகச் சாரிடம் வந்து தலையைக் குனிந்தாள்.

"போடு சார். இன்னா ஆனாலும் ஆவட்டும்."

"நெய்தல் நங்கை!" என்று முழங்கிச் சால்வையைப் போர்த்தினார். நொடித்துப்போனவர்கள் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினோம்.

ஐப்பசி முதல் நாள் அந்தக் கடை வாசலில் நின்ற வரிசை ஜிஎஸ்டி சாலையை எட்டியது. தீபாவளிக்கு அவள் அப்பா வந்து பார்த்தார், நேராகக் கடைக்குள் போய் மீன் வெட்ட உட்கார்ந்துவிட்டார். இப்போது மேடவாக்கத்தில் இன்னொரு கிளை திறக்கப் போகிறாள். சால்வை சார் மட்டும் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. கோமதி ஆள் விட்டுக் கூப்பிட்டாலும், "ஓடற கடையில எனக்கென்ன வேலை?" என்கிறார். வஞ்சிரம் மட்டும் வாரா வாரம் அவர் வீட்டுக்குப் போய்விடுகிறது.

போன வாரம் என் வீட்டு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் சார், கையில் பையோடு.

"என்ன சார்? நான்தான் எந்தக் கடையும் திறக்கலையே?"

"பத்திரிகையில வாராவாரம் என்னமோ எழுதறியாமே," என்றார். "படிச்சேன்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது. குனிந்தேன். பச்சைச் சால்வை தோளில் விழுந்தது. புளித்த மாவு, சலவை சோப்பு, லேசாக மீன், எல்லா வாசனையும் அதில் இருந்தது. போட்டோ எடுத்து முடித்து, வழக்கம்போல், "குடுப்பா" என்று கையை நீட்டினார்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் சார்," என்றேன்.