கட்டுநாயக்கா அண்ணனின் கோப்பி விசாரணை

உலகத்து விமான நிலையங்களில் எங்கே நல்ல கோப்பி கிடைக்கும் என்று கேட்டால், யோசிக்காமல் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் கண்டியில்தான் இருந்தார். அவர் அதுவரை எந்த விமானத்திலும் ஏறியதில்லை. கோப்பி குடித்தால் அவருக்கு நெஞ்சு வேறு எரியும். இரண்டுமே அவருடைய பெருமையை இம்மியும் குறைக்கவில்லை.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் கட்டுக்கலைப் பகுதியில் பாதிப் பேருக்குத் தெரியாது. கண்டியிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வாடகை வான் ஓட்டியதால் கட்டுநாயக்கா அண்ணன். நான் அப்போது கண்டியிலேயே கொழும்பு வீதியில் ஒரு சின்ன டிராவல்ஸில் டிக்கெட் போடுகிற வேலையில் இருந்தேன். நான் டிக்கெட் போட்டுக் கொடுப்பேன். அண்ணன் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவார், திரும்பி வரும்போது கூட்டிக்கொண்டும் வருவார்.

அந்தத் திரும்பி வருகிற நேரத்தில்தான் வேடிக்கை. பயணி வெளியே வந்து, குடும்பம் கட்டிப்பிடித்து, அழுது, மூக்குச் சிந்தி முடிப்பதற்குள் அண்ணன் நடுவே தலையை நீட்டுவார்.

"ஏர்போட்ல கோப்பி எப்பிடிங்க?"

காரணம் ஊருக்கே தெரியும். வளைகுடாவில், ஆட்கள் விமானம் மாறுகிற கூடத்தில் ஒரு கோப்பிக் கடை. அங்கே அண்ணனின் மனைவி வேலை செய்தார். கோப்பை கழுவப் போனவர், கோப்பி போடுகிறவராகி நிலைத்துவிட்டார். இங்கே வீடு கூரை போடாமல் பாதியில் நின்றது, மகள் படித்துக்கொண்டிருந்தாள், லீவு தள்ளிக்கொண்டே போனது. அண்ணன் மனைவியின் முகத்தைப் பார்த்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவரோ வேறு ஆண்களிடம் போய், "என் வீட்டுக்காரி எப்படி இருக்கிறாள்?" என்று கேட்கக் கூசுகிற ரகம். அதனால் கோப்பியைக் கேட்டார். அந்த ஒரு நிலையத்தை மட்டும் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று லண்டன், சிங்கப்பூர், பாரிஸ் என்று எல்லாவற்றையும் விசாரித்தார். அவர் உலக ஞானி ஆனது இப்படித்தான்.

பதிலைப் பொறுத்தே பயணம் அமையும். கண்டியில் படிப்பித்த யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர் கனடாவிலிருந்து அந்த வழியாக வந்தார். உள்ளதைச் சொல்கிற மனிதர்.

"ஓம், குடிச்சனான். கசாயம் மாதிரிக் கிடந்தது. அரைவாசியை ஊத்திப்போட்டன்."

அண்ணன் ஏ.சி.யை நிறுத்தினார். கம்பளிக் கோட்டுக்குள் மாஸ்டர் கண்டி வரைக்கும் வெந்தார்.

அலவத்துகொட ஹாஜியார் வியாபாரி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துப் பேசுவார்.

"துனியாவுலயே அப்பிடி ஒரு கோப்பி இல்ல அண்ணன்! ஊத்தித் தந்த தங்கச்சியும் சொகமா ஈக்கி."

அண்ணன் வழியில் முந்திரிப்பருப்பு விற்கிற கஜுகமவில் வானை நிறுத்தி, ஹாஜியாருக்குப் பெரிய பையில் கஜு வாங்கிக் கொடுத்தார். ஹாஜியார் அந்த முறை போய் வந்தது பாங்கொக். வளைகுடாப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. டிக்கெட் போட்ட எனக்கு அது தெரியும். அண்ணன் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகு சொல்ல வாய் வரவில்லை.

ஒரு நாள் அண்ணன் ஆபீஸுக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"தம்பி, பழனிக்கு ஒரு நேத்திக்கடன் இருக்கு. டிக்கெட் போடணும்."

"திருச்சிக்குப் போட்றவா அண்ணே? ஏறி உக்கார்றதுக்குள்ள எறங்கிடலாம்."

"திருச்சிக்கே போடுங்க. ஆனா இந்தப் பக்கமா சுத்திப் போறாப்ல போடுங்க." கை மேற்கே காட்டியது.

"அண்ணே, அந்தப் பக்கம் அரபு நாடு. கடலைத் தாண்டிப் போயி, அதே கடலைத் திரும்பத் தாண்டி வரணும். பழனிக்கு யாராச்சும் பாலைவனம் வழியா போவாங்களா?"

"முருகன் கோவிச்சுக்க மாட்டாரு. காலையில எறங்கி சாயங்காலம் ஏறுறாப்ல பாருங்க. ஊருக்குள்ள போறதுன்னா விசா கேப்பாங்க. நமக்கு ஊரு எதுக்கு? பிளேன் மாறுற அந்த ஹோலுக்குள்ள இருந்தாப் போதும்." மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒருக்கா பாத்துட்டு வந்துர்றேன் தம்பி."

நான் போட்ட டிக்கெட்டுகளிலேயே மகா முட்டாள்தனமான டிக்கெட் அதுதான். அதைவிடச் சந்தோஷமாக வேறொன்றைப் போட்டதும் இல்லை.

பயணம் அனுப்ப நம் ஆட்கள் ஒருவர் இருவராகவா போவோம்? அண்ணனின் மகள், மச்சான், மாமியார், சித்தப்பா வீட்டார் என்று வான் நிறைந்தது. டிக்கெட்டில் கோளாறு வந்தால் பார்க்க நானும் ஏறிக்கொண்டேன். வானை ஓட்டியது அண்ணனேதான். அது தப்பு என்று வானுக்குள் இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

கட்டுநாயக்காவில் இறங்கினார். தன் பையைத் தானே தள்ளுவண்டியில் வைத்தார். கண்ணாடிக் கதவு வரை தள்ளிக்கொண்டு போனார். கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "சரி, கவனமா போய்ட்டு வாங்க" என்று காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு வானை நோக்கி நடந்தார்.

"அண்ணே! போறது நீங்கதான்!"

பிடித்துத் திருப்பி உள்ளே தள்ளினோம். கதவு மூடிய பிறகுதான் மச்சான் கேட்டார், "வான் சாவி எங்க?"

சாவி அண்ணனின் சட்டைப் பையில். நாங்கள் எல்லாரும் கண்ணாடியைத் தட்டி, "சாவி! சாவி!" என்று கையை ஆட்டினோம். அண்ணன் திரும்பிப் பார்த்தார். இத்தனை பேர் தன் பிரிவு தாங்காமல் துடிக்கிறோம் என்று நினைத்திருக்க வேண்டும். கண் கலங்கி, அவரும் கையை ஆட்டினார். நாங்கள் இன்னும் வேகமாக ஆட்டினோம். அவரும் இன்னும் வேகமாக ஆட்டினார். கடைசியில் ஒரு காவலாளி பரிதாபப்பட்டு உள்ளே ஓடிச் சாவியை வாங்கி வந்தார். வந்தவர்களில் லைசன்ஸ் இருந்தது எனக்கு மட்டும்தான். அதுவும் ஈரம் காயாத லைசன்ஸ். கடுகண்ணாவ மலை ஏற்றத்தில் மாமியார் கூப்பிடாத தெய்வம் இல்லை.

திரும்பி வந்த அன்று கூட்டிவர நான்தான் போனேன். விபூதி பூசிய நெற்றியோடு வெளியே வந்தவர், முன் சீட்டில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அக்காவைப் பாத்தீங்களாண்ணே?"

"பாத்தேன். நான் வர்றேன்னு அதுக்கிட்ட சொல்லல தம்பி. சொன்னா வீண் செலவுன்னு ஏசும். நேரா கியூவுல போயி நின்னுட்டேன்."

"அப்புறம்?"

"அந்தக் கடையில ஒரு பழக்கம் வெச்சிருக்காங்க. வர்ற ஆளோட பேரைக் கேட்டு, கோப்பையில எழுதி, கோப்பி ஆனதும் சத்தமா கூப்புடணும். முன்னுக்கு நின்ன வெள்ளைக்காரன் பேரெல்லாம் கூவிக்கூவிக் கூப்புடுது. நான் போயி நின்னேன். நிமுந்து பாத்துச்சு. பேர் கேக்கல, எழுதல. கை மட்டும் கோப்பியப் போடுது. போட்டு வெச்சிட்டு முழிக்குது. பக்கத்துல நின்ன மேனேஜர் கூப்புடு, கூப்புடுன்னு கைய காட்டுறான். எப்பிடித் தம்பி கூப்புடும்? கட்டுன நாள்லருந்து என் பேரை வாயால சொன்னதில்லையே."

"என்னதான் செஞ்சாங்க?"

"'ஏங்க'ன்னுச்சு."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஹோலே கேக்குறாப்ல சொல்லிருச்சு தம்பி. அங்கங்க உக்காந்திருந்த நம்மாளுங்க அஞ்சாறு பேரு, அவங்கவங்க வீட்ல கூப்புட்ட மாதிரி திரும்பிப் பாத்தாங்க. போன்ல ஹலோதான். ஏங்கன்னு வர்றதுக்கு ஆள் எதுக்க நிக்கணும்."

அன்று மாலை வரை அண்ணன் மறுபடியும் மறுபடியும் கியூவில் போய் நின்றிருக்கிறார். நெஞ்சு எரிய எரிய அத்தனையையும் குடித்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் அக்கா அப்படியே கூப்பிட்டிருக்கிறார். கடைசி முறை மேலாளரே சிரித்துவிட்டாராம்.

மடியில் இருந்த பையைத் திறந்து காட்டினார். கழுவித் துடைத்த காகிதக் கோப்பைகள், ஒன்றுக்குள் ஒன்றாக. ஒன்றிலும் பெயர் எழுதியிருக்கவில்லை.

அதில் ஒன்றை எனக்கென்று எடுத்துக் கொடுத்தார். இப்போதும் என் மேசையில் இருக்கிறது. பேனா போட்டு வைக்கத் தோதாக இருக்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை.