நேர்கோட்டார் வெட்டிய பெயர்

திருகோணமலைத் துறைமுகத்தில் அலைகளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நேராக்கப் பார்த்தவர் எங்கள் நேர்கோட்டார். கப்பல் முகவர் அலுவலகத்தில் கணினி அவர் பொறுப்பு. சொந்தப் பெயர் அவருடைய சம்பளத்தாளுக்கு மட்டும்தான் தெரியும். கோணலாக நிற்கும் ஓட்டோவில் ஏறமாட்டார். சாரதி இறங்கித் தள்ளி நேராக்கும்வரை வெயிலில் நிற்பார்.

கப்பலில் வேலைக்குப் போகிறவர்களின் பட்டியல் தினமும் காலையில் எங்களிடமிருந்து துறைமுக வாசலுக்குப் போகும். அதை அச்சிட பைத்தன் என்ற கணினி மொழியில் ஒரு நிரல் எழுதினார். ஒரு பெயருக்குப் பன்னிரண்டு எழுத்துக்கு இடம். குறைந்தால் புள்ளி வைத்து நிரப்பும், மிஞ்சினால் வெட்டும். ஆங்கிலப் பெயர்கள் ஒழுங்காகத்தான் நின்றன. தமிழில் அச்சிட்ட முதல் நாள், தாளைத் திரும்பியும் பார்க்காமல் முத்திரை குத்தி அனுப்பினார். அவ்வளவு தலைக்கனம்.

சற்று நேரத்தில், தோப்பூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த முகம்மது சித்தீக் மூச்சிரைக்க எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்தார்.

"கேற்றில விடுறாங்கள் இல்ல சேர். லிஸ்டில 'முகம்மது சித' எண்டுதான் கிடக்காம். இண்டைக்கு ஏறாட்டி வேற ஆளைப் போட்டிருவாங்கள். மூணு மாசமா வேலை இல்ல சேர்."

நேர்கோட்டார் நிமிரவே இல்லை. "பேரை ஏன் இவ்வளவு நீளமா வச்சனீங்கள்?"

"நான் வைக்கல்ல சேர், வாப்பா வச்சது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒருக்கா எண்ணித்தான் பாருங்கோவன்!"

விரல் விட்டு எண்ணினார். இடைவெளியோடு சேர்த்தே பத்து. மறுபடியும் பத்து. கணினியைக் கேட்டால் பதினேழு என்றது. சுழி, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனி எழுத்தாக எண்ணி, பெயரின் வாலை நறுக்கியிருந்தது. நேர்கோட்டாரின் முகம் பேயறைந்ததுபோல் ஆனது.

முத்திரை குத்திய தாளை மாற்ற ஏலாது. அனுப்பியவரே வாசலுக்கு வந்து பேனையால் திருத்தி ஒப்பமிட வேண்டும். கோணலாக நின்ற ஓட்டோ ஒன்றில் அப்படியே ஏறினார். நானும் சித்தீக்கும் கூடப் போனோம். வாசலில் 'த'வின் தலையில் புள்ளி குத்தி, அவசரமாக 'தீக்' என்று எழுதினார். எழுத்து சரிந்து அடுத்த கட்டத்து அடையாள அட்டை எண்ணின் மேல் ஏறிக்கொண்டது. சித்தீக் உள்ளே போனார்.

"பிழை என்ர. அவரிட்ட சொல்லிவிடுங்கோ," என்றார் என்னிடம். நேரில் சொல்ல வெட்கம்.

மாலையில் வாசலிலிருந்து கோப்புக்குத் திரும்பி வந்த அந்தத் தாளை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் கோணலாக எழுதி நான் கண்டது அந்த ஒரு சொல்தான். அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போனதும் அன்றைக்குத்தான்.