எட்டுப் பேரும் ஒற்றைக் காலில்

கில்ப்ராக்,
செவ்வாய்க்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த ஃபின்டன் பெரியப்பாவுக்கு ப்ரோனா எழுதுவது.

முதலில், எழுதுவதற்கே மன்னிக்க வேண்டும். மூன்று வயல் தள்ளிக் குடியிருந்துகொண்டு தபாலில் கடிதம் போடுகிறாளே என்று நினைப்பீர்கள். நேரில் வந்தால் எனக்குப் பேச்சு வராது, உங்களுக்கு நிற்காது. இங்கே அப்பா, அம்மா, மாடுகள் எல்லோரும் நலம். மழையும் நலமாகப் பெய்கிறது. பெரியம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்திருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் கடிதமே அதனால்தான்.

ஞாயிறு மதியம் சர்ச் பங்குக் கூடத்தில் எங்கள் குழுவை வாசிக்கவிட்டது நீங்கள். "நம்ம குடும்பத்துல மொத பட்டதாரி, பிடில் வாசிப்பா, கூட ரெண்டு பசங்க, அவ்வளவுதான்" என்று கமிட்டியிடம் எங்களுக்காகப் பேசியதும் நீங்கள். அந்த இருவரில் ஒருவன் டிரம்ஸ், இன்னொருவன் மின்சார கிட்டார் என்பதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. இருந்தாலும் முதல் பாட்டுக்கு எல்லோரும் ஆடினீர்கள். "பரவால்லடி, இப்பத்தான் என் காதுக்கே கேக்குது" என்று டீலியா அத்தைகூடச் சொன்னார். அப்புறம்தான் அந்த ரீல், வேக ஆட்டத்துக்கான பாட்டு, வந்தது. நடுவில் சட்டென்று நான்கு தட்டு நேரம் எல்லா வாத்தியமும் நின்று, திரும்ப இடி மாதிரி விழும்படி அமைத்திருந்தோம். கால்வே நகரத்தில் அந்த இடத்தில் கைதட்டல் கூரையைப் பிய்க்கும். ஆனால் கால்வேயில் கேட்கிறவர்கள் நாற்காலியில் இருப்பார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. இங்கே ஆடிக்கொண்டிருந்த எட்டுப் பேரும் ஒற்றைக் காலில் இருந்தீர்கள். இன்னொரு காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் டீலியா அத்தை டைக் மாமாவின் கால்சட்டையைத் தாங்கும் ரப்பர் தோள்வாரைப் பிடிக்க, அது நீண்டுகொண்டே போக, அவர் பெரியம்மா மேல் சாய, பெரியம்மா முழங்காலோடு தேநீர் மேசையில் மோத, மேசைக்குப் பின்னால் நின்ற பங்குச் சாமியார் "இயேசு மரி சூசையே!" என்று ஆப்பிள் கேக்கை மட்டும் தலைக்கு மேல் தூக்கிக் காப்பாற்ற, சரியாக அந்த நொடியில் நாங்கள் இடி மாதிரி ஆரம்பித்தோம். கேக்கும் போயிற்று.

நீங்கள் மேடைக்கே வந்துவிட்டீர்கள். "ஏண்டி, பாதியில நிக்கறதுக்கா காலேஜுக்கு அனுப்பினோம்? அதுக்கு நம்ம டிராக்டரே போதுமே!" நான் "மன்னிச்சிருங்க பெரியப்பா" என்றேன், டிரம்ஸ் சத்தத்தில் உங்களுக்குக் கேட்கவில்லை. டிரம்ஸ் வாசிக்கும் ஓவன் "தாத்தா, இது புது ஸ்டைலு" என்றது மட்டும் கேட்டுவிட்டது. "யாருடா தாத்தா? அறுபத்தெட்டுதான்டா ஆகுது எனக்கு!"

வியாழக்கிழமை கமிட்டி கூடி, இனி எங்களைக் கூடத்துக்குள் விடுவதில்லை என்று தீர்மானம் போடப்போவதாகக் கேள்வி. தலைவர் நீங்கள். கூடமும் போனால் ஒத்திகைக்கு எங்களுக்கு மாட்டுக் கொட்டகைதான். ஒருநாள் வாசித்ததற்கே மாடுகள் பாலைக் குறைத்துவிட்டன. ஆகவே எழுத்தில் உறுதி தருகிறேன்: இனி எந்தப் பாட்டையும் நடுவில் நிறுத்த மாட்டோம். டிரம்ஸ் மேல் கம்பளி போர்த்துவோம். கேக்குக்கு அம்மா கேக் செய்து அனுப்புவார்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. முழங்காலுக்குத் தனியாக என் வருத்தம். புனித பிரிஜித் உங்கள் வீட்டில் உள்ள எல்லாக் கால்களையும் காக்கட்டும்.

உங்கள் தம்பி மகள்,
ப்ரோனா

பி.கு.: மேலே தந்த உறுதியைக் காப்பாற்ற முடியாது போலிருக்கிறது. நேற்று ஓவன் தன் போனில் பதிவானதைப் போட்டுக் காட்டினான். நாங்கள் நிறுத்திய இடத்தில், அலறலுக்கும் கோப்பைகள் உடைவதற்கும் அடியில், நான்கு தட்டும் கேட்கின்றன பெரியப்பா. குதிகாலால், மயிரிழை பிசகாமல். லாடம் அடித்த ஷூ அந்தக் கூடத்தில் உங்களுடையது ஒன்றுதான். பதினொரு தடவை கேட்டோம். "யாரு இந்த ஆளு? நம்ம குழுவுல இல்லாம என்ன பண்றாரு?" என்றான் ஓவன். "தாத்தான்னு கூப்பிட்டியே, அவருதான்" என்றேன். இனி அந்தத் தட்டு இல்லாமல் பாட்டு எங்களுக்கு நொண்டுகிறது. வியாழனன்று தடை போட்டாலும் போடுங்கள். சனிக்கிழமை எனிஸ் ஊர் இசை விழாவில் வாசிக்கிறோம். அந்த இடத்தில் நிறுத்தத்தான் போகிறோம். அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு எங்களோடு மேடையில் நிற்பீர்களா?