பன்னிரண்டு ஜிபி வீடு

வீடு வாசற்படியிலேயே நின்றுவிட்டது.

கட்டப்போகும் வீட்டுக்குள் நடந்து பார்ப்பது போன்ற படம், கணினித் திரையில்தான். ஒரு காலை உள்ளே வைத்தாயிற்று, மறு காலை வைப்பதற்குள் படம் அப்படியே உறைந்துபோய், நடுவில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் வீட்டு பிளான் போட்டுக் கட்டிக்கொடுக்கும் என்ஜினியர் ராஜாங்கத்துக்கு வியர்த்து ஊற்றியது. எதிரே நாற்காலி நுனியில், நைனார்பாளையத்திலிருந்து வந்திருந்த சின்னராசுவும் அவர் மனைவி கொளஞ்சியம்மாளும் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாம்மா நிர்மலா, நின்னுகினே இருக்குது?" என்றார் ராஜாங்கம், பல்லைக் கடித்தபடி.

"லோடு ஆவுது சார்" என்றாள் பிளான் வரையும் நிர்மலா.

ஹாலுக்குள் போக ஐந்து நிமிடம். சமையலறை வர இன்னும் எட்டு நிமிடம். பின்கட்டைத் தாண்டி மொட்டைமாடியில் ஏறி முடித்தபோது அரை மணி நேரம் ஓடிப்போயிருந்தது. கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வர்ற வெள்ளிக்கெழம வந்து சொல்றோங்க" என்று சின்னராசு எழுந்தார். கொளஞ்சியம்மாள் வாசலில் செருப்பை மாட்டும்போதுகூடத் திரும்பித் திரும்பித் திரையைத்தான் பார்த்தாள்.

"போச்சு!" ராஜாங்கம் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்தம்மா மூஞ்சியப் பாத்தியா? பேய் அடிச்ச மாதிரி போவுது."

பதறாமல் என்ன செய்வார், பாவம்! நாலு மாதமாக ஒரு வீடுகூட வரவில்லை. இதுவும் கை நழுவினால் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு, சேலத்தில் மச்சானிடம் சூப்பர்வைசராகப் போய் நிற்க வேண்டியதுதான். மச்சான் நல்லவர்தான். பந்தியில் நாலு பேர் நடுவே வைத்து, "நம்ம மாப்ள நம்மகிட்டதான் இருக்காரு" என்று சொல்லும் அளவுக்கு நல்லவர்.

"இதுக்கு இன்னாதான் வழி?"

"கிராபிக்ஸ் கார்டு சார். படம் காட்டறதுக்குன்னே தனியா ஒரு கார்டு. அத்தப் போட்டா வூடு வழுக்கிகினு ஓடும்."

"இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"மூணு வருசமா சொல்லிகினுதான் சார் இருக்கேன்."

விசாரித்ததில், அவர்கள் கைக்கு எட்டும் விலையில் இரண்டு கார்டுகள் இருந்தன. ஒன்று கறுப்பு டப்பா, இன்னொன்று வெள்ளை டப்பா. ஒரு குழாய் வாங்கவே ஒரு வாரம் யோசிக்கிற மனிதர் ராஜாங்கம். முழு நீளத் தாளை எடுத்து நடுவே கோடு போட்டார்.

"கறுப்புல மெமரி பன்னெண்டு ஜிபி. வெள்ளையில எட்டுதான். அப்ப கறுப்பு!"

"வெள்ளையில வேகம் ஜாஸ்தி சார். செகண்டுக்குப் பதினஞ்சு லட்சம் கோடி கணக்கு போடுமாம். கறுப்பு பன்னெண்டே முக்கால்தான்."

"அப்ப வெள்ளை."

"ஆனா வெள்ளையில மெமரிக்குப் போற வழி குறுகல். நூத்தி இருபத்தெட்டு பிட். கறுப்புல நூத்தித் தொண்ணூத்திரண்டு."

ராஜாங்கம் பேனாவைக் கடித்தார். "அதாவது, வெள்ளையில கரும்பு வெட்ற ஆளு ஜாஸ்தி, மில்லுக்குப் போற ரோடு ஒடுக்கம்."

"கரெக்ட் சார்."

"அப்ப கறுப்புதான்!"

"கறுப்பு நூத்தி எழுவது வாட் கரண்ட் இழுக்கும். வெள்ளைக்கு நூத்திப் பதினஞ்சு போதும்."

இப்படியே திங்களன்று கறுப்பு ஜெயித்தது, செவ்வாயன்று வெள்ளை ஜெயித்தது. தாளில் இருபத்தோரு வரி சேர்ந்துவிட்டது. நிர்மலா கொட்டாவியை மென்று விழுங்கினாள்.

"ஏம்மா, இந்தப் பதினஞ்சு லட்சம் கோடியும் நெஜமாவே போடுமா?"

"அது பேப்பர்ல சார். எல்லாம் சரியா அமைஞ்சா அவ்ளோ ஓடும். பேப்பர்ல பாத்தா நீங்களுந்தான் ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ராஜாங்கம் கோபப்படவில்லை. அவள் சொன்னது உண்மைதானே. பாலிடெக்னிக்கை விட்டு வந்தபோது பாலம் கட்டுவோம், அணை கட்டுவோம் என்று நினைத்தவர் அவர். இருபத்தைந்து வருடமாக செப்டிக் டேங்குக்கு பிளான் போட்டுக்கொண்டிருக்கிறார். திறமைக்குக் குறைவில்லை, வழிதான் குறுகல் என்று தோன்றியது. அந்த வெள்ளைக் கார்டின் மேல் அவருக்குக் கொஞ்சம் பாசம்கூட வந்தது.

ஆனாலும் புதன்கிழமை கறுப்பைத்தான் வாங்கினார். "வூட்டு வெவகாரத்துல எடம் ஜாஸ்தியா இருக்கறதுதான் நல்லது" என்று சொல்லி, சேலம் போய் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தார்.

கார்டு கணினிப் பெட்டிக்குள் போகவில்லை. மூன்று விரற்கடை நீளம் அதிகம்.

"இருபத்தோரு வரி எழுதினோம். நீளத்த எழுதல சார்" என்றாள் நிர்மலா.

இடுப்பில் டேப்பைச் செருகிக்கொண்டு திரியும் மனிதர் அளக்க மறந்துவிட்டார்! வெட்கத்தை மறைக்க, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வெல்டிங் கடைக்கு ஓடினார். கடைக்காரர் வேடியப்பன் தாராள மனசுக்காரர். கேட்டதற்கு மேலேயே வெட்டிக் கொடுத்தார். உள்ளே இருந்ததைக் கழற்றிவிட்டு வெட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கார்டை மாட்டி சுவிட்சைப் போட்டதும் 'டப்' என்று ஒரு சத்தம். இரும்புத் தூள் மதர்போர்டைத் தின்றுவிட்டிருந்தது. நல்லவேளையாகக் கார்டு பிழைத்துக்கொண்டது.

வியாழக்கிழமை ராஜாங்கம் தன் பைக்கை விற்றார். அந்தப் பணத்தில் ஒரு புதுக் கணினி வந்து இறங்கியது. பழையது காயலான் கடைக்குப் போனது.

வெள்ளிக்கிழமை காலை அவர் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியபோது, சின்னராசுவும் கொளஞ்சியம்மாளும் அலுவலக வாசலில் காத்திருந்தார்கள். கொளஞ்சியம்மாள் கையில் தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், வாழைப்பழம். கொடுப்பதற்கென்றே கொண்டுவந்த தட்டு! ராஜாங்கம் ஒரு வார்த்தை பேசாமல் இதை வாங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் பைக்கை விற்ற மனசு கேட்குமா?

"இருங்க இருங்க! மொதல்ல வூட்ட இன்னொரு தபா பாருங்க. நிர்மலா, ஓட்டும்மா!"

நிர்மலா ஓட்டினாள். அடடா! வாசல் திறந்தது, ஹால் வந்தது, சமையலறை வந்தது, பின்கட்டு வந்தது, மொட்டைமாடியில் போய் நின்றது. ஒரு இடத்தில்கூடத் தடங்கல் இல்லை. மொத்தம் இருபத்தைந்து விநாடி.

"எப்பிடி?" என்றார் ராஜாங்கம்.

சின்னராசு மனைவியைப் பார்த்தார். சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறையில் மூன்று பிள்ளைகளை வளர்த்தவள் கொளஞ்சியம்மாள். நீட்டிய தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்த அலுவலகத்தில் முதல் முறையாக அவள் வாயைத் திறந்தாள்.

"இது வேணாங்க சார்... போன வாரம் ஒரு வூடு காட்டினீங்களே, இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடிக்குப் போவவே அரை மணி நேரம் ஆச்சே, அந்தப் பெரிய வூட்டையே எங்களுக்குக் கட்டிக் குடுத்துருங்க."